அந்நியர் கட்டணம்

ஜனவரி 6

மனு போட்டாயிற்று. இருவரும் சம்மதித்தே பிரிகிறோம் என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து வந்து இன்னொரு முறை "ஆமாம், சம்மதம்தான்" என்று நீதிபதி முன்னால் சொன்னால் தீர்ப்பு வந்துவிடும். பத்தொன்பது வருஷக் கல்யாணத்துக்கு அவ்வளவுதான் வேலை.

சண்டை சச்சரவு எதுவும் இல்லை. செலவைக் குறைக்க இருவருக்கும் ஒரே வக்கீல், மேரி ஸ்டெல்லா. ஃபீஸ் ஆளுக்குப் பாதி. "உங்களை மாதிரியே எல்லாரும் வந்தா நான் கோட்டைக் கழட்டிட்டு இட்லிக் கடைதான் போடணும்" என்று சிரித்தார். தீர்ப்பு வரும்வரை தில்லைநகர் ஃபிளாட்டிலேயே இருவரும் இருந்துகொள்வது, அவர் ஹாலில், நான் அறையில் என்று ஏற்பாடு. தனி வாடகை மிச்சம். கோர்ட்டை விட்டு வந்து எதிர் ஹோட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். அந்த பில்லையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்தோம். சர்வர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எதற்காகப் பிரிகிறீர்கள் என்று ஆபீஸில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? மணிவாசகம் குடிப்பதில்லை. கை ஓங்கியதில்லை. திருவெறும்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு, மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிற மனிதர். தீபாவளி கழிந்து ஒரு நாள், "சுகந்தி, வீட்டுக்கு வந்தா விசாரணைக் கமிஷன் முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. என்னால முடியல" என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏன் எட்டரைக்கு வந்தார்? இதைக் கேட்கக்கூட ஒரு பெண்டாட்டிக்கு உரிமை இல்லையா? "அப்படின்னா பிரிஞ்சிடலாம்" என்றேன். "சரி" என்றார். எதற்கெடுத்தாலும் ஒரு சரி. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜனவரி 19

மதியம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சுகந்தி, வீட்டுல என் பாதியை உன் பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன். நீயும் தாரிணியும் இங்கேயே இருங்க."

"அதுக்கு நான் எவ்வளவு தரணும்?"

"ஒண்ணும் வேணாம். ஆனா தீர்ப்புக்கு முன்னாடியே பத்திரம் போட்டுடணும்."

ஃபிளாட் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. லோன் போன வருஷம்தான் முடிந்தது. பாதி என்றால் இன்றைய விலைக்கு முப்பது லட்சம். தாரிணி எங்கள் ஒரே மகள், சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் அவளுக்கென்று இருப்பது இந்த வீட்டின் பால்கனி அறை. எனக்கும் இதை விட்டால் போக்கிடம் கிடையாது. அந்த வீட்டை ஒரு மனிதர் சும்மா தருகிறேன் என்கிறார். அதையும் அவசர அவசரமாகத் தருகிறேன் என்கிறார்.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்.

"அவர் சொல்றது சரிதாம்மா. இப்ப நீங்க புருஷன் பொண்டாட்டி. குடும்பத்துக்குள்ள எழுதிக்கிற பத்திரத்துக்குக் கட்டணம் ரொம்பக் கம்மி. தீர்ப்பு வந்துட்டா நீங்க ரெண்டு பேரும் சட்டத்துக்கு அந்நியர். அப்புறம் அந்நியர் கட்டணம்தான், லட்சக்கணக்குல போயிடும். சீக்கிரம் முடிச்சுடுங்க."

இவரும் அவசரப்படுத்துகிறார். இருவருக்கும் ஒரே வக்கீல் என்பது யாருடைய யோசனை? அவருடையதுதான்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் செக்‌ஷன். வண்டி விபத்து, கடைத் தீ விபத்து என்று காலமெல்லாம் அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கத்துகிறவன், மேனேஜரைக் கூப்பிடு என்று மேஜையைத் தட்டுகிறவன் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வான். "எவ்வளவு தர்றீங்களோ தாங்க மேடம், கொஞ்சம் சீக்கிரமா மட்டும்" என்று பணிவாகக் கேட்கிறவனின் ஃபைலைத்தான் நான் தனியாக எடுத்து வைப்பேன். இந்த ஃபைலையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 24

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புக் செய்தேன். "பத்திரத்தை எப்ப வெச்சுக்கலாம்?" என்று மறுபடி கேட்டார். ஆபீஸில் ஆடிட் என்றேன். ஆடிட் மார்ச்சில்தான்.

பிப்ரவரி 3

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, சுத்தம். இவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் உறுத்துகிறது.

பக்கத்து சீட் லோகநாயகியிடம் சொன்னேன். "எவளாவது இருப்பாடி. மனசு உறுத்தும்ல, அதான் வீட்டைத் தூக்கிக் கொடுக்குறார்" என்றாள். மணிவாசகத்துக்கா? வாய்விட்டுச் சிரித்தேன். ரேஷன் கடை வரிசையில்கூடப் பக்கத்திலிருக்கும் பெண்ணிடம் பேசத் தெரியாத ஆள்.

துணியை அவரவர் துவைத்துக்கொள்வதுதான் எங்கள் ஒப்பந்தம். இன்று தண்ணீர் மிச்சமாகட்டும் என்று அவருடையதையும் சேர்த்துப் போட்டேன். சட்டைப் பையில் ஒரு பேக்கரி ரசீது இருந்தது. உறையூர். இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். அவர் கம்பெனி எங்கே, உறையூர் எங்கே? அந்த இரண்டாவது டீ யாருக்கு?

பிப்ரவரி 11

ஸ்டெல்லா இருவரிடமும் சொத்து விவரம் கேட்டிருந்தார். மணிவாசகம் அரைப் பக்கம் எழுதினார்: சம்பளம், பி.எஃப்., பைக், ஃபிளாட்டில் பாதி. ஒரு மனிதருக்கு வெறும் அரைப் பக்கம்தானா? நம்பும்படியாகவா இருக்கிறது?

நான் நகை உட்பட ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சீட்டுப் பணத்தை எழுதவில்லை. அது நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 23

ரிட்டயர்டு ஏட்டு துரைக்கண்ணுவைப் பார்த்தேன். சந்தேகமான கிளெய்ம்களுக்கு எங்கள் ஆபீஸ் அவரைத்தான் விசாரிக்க அனுப்பும். இது என் சொந்த வேலை, ஃபீஸும் சொந்தம்.

"பார்ட்டி யாரு மேடம்?"

"மணிவாசகம்னு ஒருத்தர். திருவெறும்பூர் பக்கம் வேலை."

"என்ன கிளெய்ம்?"

"வீடு" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும். சீட்டுப் பணத்திலிருந்து முன்பணம் கொடுத்தேன்.

மார்ச் 9

ஆபீஸுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து துரைக்கண்ணு சொன்னார்.

"கடன் கிடன் எதுவும் இல்ல மேடம். சூதாட்டம், குடி ஒண்ணும் இல்ல. உறையூர்ல ஒரு மாடி போர்ஷன் அட்வான்ஸ் குடுத்துப் புடிச்சு வெச்சிருக்கார். கீழ ஓனர் குடியிருக்காங்க. எதிர் மளிகைக்கடையில விசாரிச்சேன். கூடிய சீக்கிரம் மனைவியோட குடி வர்றேன்னு ஓனர்கிட்ட சொல்லியிருக்காராம்."

"யாரு அந்தப் பொம்பளை?"

"அது தெரியல. இன்னும் ஒரு மாசம் பாத்தா புடிச்சுடலாம். அதுக்குத் தனியா..."

வேண்டாம் என்றேன். ஆபீஸ் வேலையாக இருந்தால் நானே ஸ்பாட்டுக்குப் போய் நின்றிருப்பேன். இதற்குக் கால் வரவில்லை. மனைவியாம்! கோர்ட்டில் தீர்ப்பு வரவில்லை, தாலியை நான் இன்னும் கழற்றவில்லை, அதற்குள் அங்கே ஒரு மனைவி!

மார்ச் 10

மாவு புளித்துவிட்டது, கொட்டினேன். ராத்திரி சாப்பிடவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என்ன நடிப்பு!

மார்ச் 16

சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"தீர்ப்புக்கப்புறம் எங்க தங்கப் போறீங்க?"

டம்ளரைக் கீழே வைத்தார். "ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுல. பாத்துக்கலாம்."

"எந்த ஏரியா?"

"அந்தப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

"விடேன் சுகந்தி."

கடன் கேட்பவரிடம் கையில் இல்லை என்று பொய் சொன்னால்கூட அவருக்குக் காது சிவந்துவிடும். இரண்டு காதும் சிவந்திருந்தன. இனி எனக்குச் சந்தேகம் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் பொய் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

ஏப்ரல் 4

லோகநாயகி தனக்குத் தெரிந்த தென்னூர் வக்கீலிடம் அழைத்துப் போனாள். ஏ.சி. அறை. போய் உட்கார்ந்ததற்கே ஒரு தொகை. "பொம்பளை விவகாரம் இருக்குன்னா வீட்டோட ஏன் விடுறீங்க? மாசா மாசம் ஜீவனாம்சமும் கேளுங்க. அவர் நீட்டுற பத்திரத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றார். நோட்டீஸ் தயார் செய்தார். வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்தத் திட்டமிட்டு, என்று அதில் ஒரு வரி. அதை அடித்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனாலும் போட்டேன் கையெழுத்து.

ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன், இனி என் பக்கம் வேறு வக்கீல் என்று.

"அவர்கிட்ட நேரா கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். பொய் சொன்னார்."

"என்னன்னு கேட்டீங்க?"

எல்லோருக்கும் என்னையே விசாரிக்க வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

நோட்டீஸ் வந்தது. இருவருக்கும் ஒரே விலாசம் அல்லவா, தபால்காரர் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். காசு கொடுத்து நான் அனுப்பியதை நானே வாங்கி அவர் மேஜையில் வைத்தேன்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"இதை நீ நம்புறியா?"

"உறையூர் வீடு யாருக்கு? நீங்களே சொல்லுங்க."

வாயைத் திறந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆள் வெச்சுப் பாத்திருக்கே. இனி நான் எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு சாட்சி கேப்பே. வேணாம். வக்கீல் மூலமாவே பேசிக்கலாம்."

குற்றம் இல்லாதவர் சொல்லியிருக்கமாட்டாரா? சொல்லியிருப்பார். நானாக இருந்தால் வீடே இடிந்துவிழக் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 20

சூட்கேஸும் டேபிள் ஃபேனும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈ.பி. பில்லில் தன் பாதியை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். சில்லறை உட்பட.

மே 5

ஸ்டெல்லா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டதே இருபதாயிரம்தான். தென்னூர்காரருக்கு மட்டும் இதுவரை எழுபத்தைந்தாயிரம் கொடுத்திருக்கிறேன். துரைக்கண்ணு தனி. மணிவாசகமும் இப்போது வேறு வக்கீல் வைத்துவிட்டார், அவருக்கு எவ்வளவோ. ஒரு தடவை எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினால் அதற்கொரு பில். அந்த வக்கீலும் இந்த வக்கீலும் பேசி முடித்துவிட்டு ஒன்றாகக் காபி குடிக்கப் போகிறார்கள். என் சீட்டுப் பணம் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி போய்விட்டது.

தாரிணி போன் செய்தாள்.

"ஏம்மா, அப்பாகிட்ட நேரா பேசினா என்ன?"

"உங்கப்பா பதில் சொல்ற ஆளா?"

"நீ கேக்குற மாதிரி கேட்டா நான்கூடத்தான் சொல்ல மாட்டேன்."

என்ன திமிர்! நெல்லிக்காய் ஊறுகாய் போட்டேன். அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று பாதி போட்ட பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, எனக்கும் பிடிக்கும்.

ஜூலை 9

தீர்ப்பு வந்துவிட்டது.

வக்கீல்கள் பேசி முடித்தது இதுதான்: ஜீவனாம்சம் கேட்பதை நான் விட்டுவிட வேண்டும். வீட்டைச் சும்மா தருகிறேன் என்றதை அவர் விட்டுவிட்டார். பாதிப் பாதி. நான் அவர் பங்கை விலை கொடுத்து வாங்கலாம், முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்வது. கடைசி நிமிஷத்தில் மனம் மாறி "வேணாம், அவளே வெச்சுக்கட்டும்" என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

நீதிபதி கேட்டதும் அவர் சட்டென்று "சம்மதம்" என்றார். நான் இருமிவிட்டுத்தான் சொன்னேன். தொண்டையில் சளி.

வராந்தாவில் ஸ்டெல்லா எதிரே வந்தார். "பத்திரத்தை அப்பவே போட்டிருக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 22

வங்கிக்குப் போனேன். அவர் பங்குக்கு முப்பது லட்சம். அதற்கு மேல் பத்திரச் செலவு மூன்று லட்சத்துக்குக் குறையாது, ஏனென்றால் இப்போது அவர் எனக்கு யாரோ. என் வயதுக்கும் சம்பளத்துக்கும் பதினான்கு லட்சம்தான் லோன் தருவார்களாம்.

வீட்டை விற்கத்தான் வேண்டும். வங்கி ஸ்கூட்டர் ஸ்டாண்டில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழுதேன். அதற்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 24

போன வாரம் வீடு கைமாறிவிட்டது. பதிவு அலுவலகத்தில் அவர் வந்து கையெழுத்துப் போட்டார், என் பக்கம் திரும்பவில்லை. இளைத்திருந்தார். அவள் சரியாகச் சமைத்துப் போடுவதில்லை போலிருக்கிறது. செப்டம்பர் கடைசிவரை காலி செய்ய அவகாசம்.

வாடகைக்கு வீடு தேடுகிறேன். இத்தனை வருஷம் சொந்த வீட்டில் இருந்தவளுக்கு இந்த உலகமே தெரியவில்லை. சைவமா, எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு எல்லோரும் அடுத்துக் கேட்பது, "சார் எங்க வேலை பாக்குறார்?" நான் உண்மையைத்தான் சொல்கிறேன். நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? "அப்படிங்களா... வீட்டுல கலந்துட்டு சொல்றோம்" என்கிறார்கள். அப்புறம் போனே எடுப்பதில்லை. இன்றோடு மூன்று வீடு போயிற்று. கடைசி வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க, குடும்பத்துக்குத்தான் விடுறது." நான் குடும்பம் இல்லையாம்!

செப்டம்பர் 7

சாமான் கட்டும்போது அலமாரி மேல்தட்டில் அவருடைய சான்றிதழ் கவர் கிடைத்தது. கூரியரில் அனுப்பலாம்தான். தொலைத்துத் தொலைப்பார்கள். நானே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் உறையூர் போனேன். அவளைப் பார்க்கத்தான் போனேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

துரைக்கண்ணு சொன்ன மளிகைக்கடைக்கு எதிர் வீடு. கேட்டில் கை வைத்ததும் கீழ் வீட்டிலிருந்து ஓனரம்மா வந்தார், கையில் ஆய்ந்துகொண்டிருந்த கீரை.

"யாரு வேணுங்க?"

"மாடியில... மணிவாசகம்..."

உற்றுப் பார்த்தவர் முகம் மலர்ந்துபோனது.

"அட, சுகந்திதானே நீங்க? வாங்க, வாங்க! மாடியில உங்க போட்டோதானே மாட்டியிருக்கார், பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. ஒருவழியா லீவு கிடைச்சுதா?"

"என்ன லீவு?"

"உங்களை மதுரைக்கு மாத்திட்டாங்க, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல லீவே தர மாட்டேங்கிறாங்கன்னு சொல்லிட்டே இருப்பாரே. கடைக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"அவர்கூட... வேற யாரும் இல்லையா?" அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

"யாரு இருக்கா? ஒண்டிக்கட்டையா தானே பொங்கி தானே துவைச்சுக்கிட்டு... பாக்கவே பாவமா இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நாங்க தனி ஆளுக்கு வீடு விடுறதில்ல, குடும்பத்துக்குத்தான்னு மொதல்லயே கறாரா சொல்லிட்டோம். சம்சாரம் வருவா வருவான்னு அவரும் சொல்லிட்டே இருந்தார், ஆளையே காணோம். இந்த ஆள் பொய் சொல்றான், மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லுன்னு எங்க வீட்டுக்காரர் ஒத்தைக் கால்ல நிக்கிறார். நான்தான் போட்டோவுல பாத்தேனே, கோவக்காரின்னு அவரே சொல்வாரே, இல்லாத பொண்டாட்டியைப் பத்தி இப்படியா ஒருத்தர் பேசுவார்னு சொன்னேன். மதுரையில எந்த பிராஞ்சும்மா?"

அந்த மனைவி நான்தான். என்னைச் சொல்லித்தான் இந்த மனிதர் ஒரு கூரை பிடித்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க ஆள் வைத்து, அதற்கு நோட்டீஸ் விட்டு, நான் குடியிருந்த வீட்டையே விற்றுத் தொலைத்துவிட்டேனே! முட்டாள், முட்டாள், முட்டாள்!

ஓனரம்மா பதிலுக்குக் காத்திருந்தார். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் போலும், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து கேட்டைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்தார், ஓனரம்மாவைப் பார்த்தார். முகத்தில் உயிரே இல்லை. இரண்டு காதும் சிவந்துவிட்டன.

"ஏங்க, வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?" என்று எழுந்தேன். "மதுரையில காலையில பஸ்ஸே கிடைக்கல. நின்னுக்கிட்டே வந்தேன்."

அவர் பையை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எத்தனை நாள் லீவும்மா?" என்றார் ஓனரம்மா.

"இன்னைக்கு ஒரு நாள்தான். சாயந்திரமே கெளம்பணும். ஆனா இனிமே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடுவேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்." உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

மாடிக்குப் போனோம். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, அந்த டேபிள் ஃபேன். சுவரில் தாரிணியின் பள்ளி ஆண்டுவிழாவில் நாங்கள் மூவரும் எடுத்த படம். கேட்க நூறு கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. கவரைக் கொடுத்தேன். அவர் வாங்கிவந்த கத்தரிக்காயை நறுக்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டோம். உப்பு போதுமா என்றுகூடக் கேட்கவில்லை.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம். என் பையை அவர் எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு சுகந்தி இதெல்லாம்?" என்றார் மெதுவாக.

"பேசாம நடங்க. ரெண்டு பேரும் கேட்டுல நின்னு பாக்குறாங்க."

தெருமுனைவரை என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். முனை திரும்பியதும் வாங்கிக்கொண்டேன்.